டைட்டர் காரணமில்லாமல் விழுகிறதா? குறை வைரஸ் தின்ற ஏழு மாதங்கள்

வைரஸ் வளர்க்கும் லேபில் புதிதாகச் சேர்ந்து, முதல் ஸ்டாக்கைப் பெருக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு இன்ஃபுளுயன்சா ஸ்டாக்கின், அதாவது வளர்த்துச் சேமித்த வைரஸ் திரவத்தின், டைட்டர் (மில்லிக்கு எவ்வளவு தொற்றும் வைரஸ் என்ற அளவு) ஏன் விழுந்துகொண்டே போகிறது என்று தெரியாமல் எனக்கு ஏழு மாதம் போனது. சீரம், டிரிப்சின் நொதி, செல் வளர்ப்பைக் கெடுக்கும் மைக்கோபிளாஸ்மா பாக்டீரியாவைத் தேடும் கிட், புதுச் செல் குப்பி என்று ஒவ்வொன்றாக மாற்றியதில் ஆராய்ச்சி நிதியில் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய் கரைந்தது. கடைசியில் தெரிந்த காரணமோ, 1940-களிலேயே டென்மார்க்கின் பிரெபென் ஃபான் மாக்னுஸ் கோழி முட்டையில் வைரஸ் வளர்க்கும்போது கவனித்து எழுதிவைத்த ஒன்று. பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருக்கும். பரீட்சைக்குப் படித்தும் இருக்கிறேன். என் ஃபிளாஸ்க்குக்குள் அதுதான் நடக்கிறது என்று மட்டும் தோன்றவில்லை. "ஸ்டாக்கை அப்படியே ஊற்றாதே, நீர்த்து ஊற்று" என்று ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

வைரஸ், லேப்களில் பி.ஆர்.8 என்று சொல்லும் ஏ/பியூர்ட்டோ ரிக்கோ/8/1934. செல்கள் எம்.டி.சி.கே., அதாவது நாய்ச் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. கையில் கிடைத்த ஸ்டாக் மில்லிக்கு 20 கோடி பி.எஃப்.யு.; பி.எஃப்.யு. என்பது பிளேக் (வைரஸ் செல்களைக் கொல்வதால் செல் படலத்தில் விழும் ஓட்டை) உண்டாக்கக்கூடிய, அதாவது முழுமையாகத் தொற்றக்கூடிய வைரஸின் எண்ணிக்கை. மூன்று தாவரச் சாறுகளுக்கு வைரஸை அடக்கும் திறன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்ததால் நிறைய வைரஸ் தேவைப்பட்டது. ஒரு டி-75 ஃபிளாஸ்க்கில் ஏறக்குறைய 1 கோடி செல்கள் இருக்கும். அதன்மேல் 1 மில்லி ஸ்டாக்கை நீர்க்காமல் அப்படியே விட்டேன். மறுநாளே செல்கள் உரிந்து மிதந்தன. வேலை வேகமாக நடக்கிறது என்ற சந்தோஷத்தில் அந்தத் திரவத்தில் 1 மில்லி எடுத்து அடுத்த ஃபிளாஸ்க்கில் விட்டேன். அதிலிருந்து அடுத்தது. கணக்குப் பார்த்திருந்தால் முதல் ஃபிளாஸ்க்கிலேயே ஒரு செல்லுக்கு 20 வைரஸ் விழுந்திருக்கிறது என்பது தெரிந்திருக்கும். இந்த விகிதத்தைத்தான் எம்.ஓ.ஐ. என்கிறோம். ஸ்டாக் வளர்க்க வேண்டிய எம்.ஓ.ஐ. 0.01 அல்லது 0.001. நான் போட்டது 20.

இப்படி ஒரு ஃபிளாஸ்க்கின் வைரஸை அடுத்த செல்களில் விட்டு வளர்க்கும் ஒவ்வொரு சுற்றும் ஒரு பாசேஜ். முதல் பாசேஜில் டைட்டர் 12 கோடி. பரவாயில்லை என்று விட்டேன். இரண்டாவதில் 3 கோடி. மூன்றாவதில் 20 லட்சம். நான்காவதில் 80 ஆயிரம். செல்கள் சாவதும் தாமதமானது. முதல் ஃபிளாஸ்க்கில் ஒரே நாளில் உரிந்தவை, நான்காவதில் மூன்றாம் நாளும் பாதிக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. இந்தக் கட்டத்தில் யாருக்கும் முதலில் தன் கைமேல்தான் சந்தேகம் வரும். எனக்கும் அதுதான் வந்தது. பிளேக் அஸ்ஸே போடத் தெரியவில்லை, பிப்பெட் பிடிக்கத் தெரியவில்லை, இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை என்று இரவெல்லாம் ஓடும். ஒரே மாதிரியை மூன்று முறை டைட்டர் பார்த்தேன். மூன்று முறையும் ஏறக்குறைய ஒரே எண். அப்போதே கையில் கோளாறில்லை என்று நம்பியிருக்க வேண்டும். மூன்று முறை ஒத்துப்போகிற எண் உங்கள் கை சொல்வது அல்ல, ஸ்டாக் சொல்வது.

அதன்பிறகு பொருள்கள்மேல் சந்தேகம். இன்ஃபுளுயன்சாவின் மேற்பரப்பில் இருந்து செல்லைப் பிடிக்கும் எச்.ஏ. (ஹீமக்ளூட்டினின்) புரதம் இரண்டாக வெட்டுப்பட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். எம்.டி.சி.கே. செல்களில் அதை வெட்டப் போதுமான நொதி இல்லாததால் வளர்ப்புத் திரவத்தில் டி.பி.சி.கே. டிரிப்சினை மில்லிக்கு 1 மைக்ரோகிராம் சேர்க்கிறோம். கன்றுச் சீரத்தில் டிரிப்சினை முடக்கும் பொருள் இருப்பதால், வைரஸ் விடும்முன் செல்களை பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலால் இரண்டு முறை கழுவி, சீரத்துக்குப் பதிலாக 0.3 சதவீதம் மாட்டு ஆல்புமின் போட்ட திரவத்துக்கு மாற்ற வேண்டும். இதில் பிழை இருக்கலாம் என்று புது டிரிப்சின் வாங்கினேன். செல்கள் கிழடாகிவிட்டன என்று புதுக் குப்பி வரவழைத்தேன். மைக்கோபிளாஸ்மா இருக்குமோ என்று கிட் வாங்கிப் பார்த்தேன், இல்லை. சீரத்தையும் வேறு லாட்டுக்கு மாற்றினேன். ஒவ்வொரு பொருளும் வந்துசேர இரண்டு வாரம், மூன்று வாரம். மாதங்கள் இப்படித்தான் கழிந்தன.

என்னை அதிகம் ஏமாற்றியது ஐந்தாவது பாசேஜ். புது டிரிப்சின் போட்டுச் செய்த அந்தப் பாசேஜில் டைட்டர் 80 ஆயிரத்திலிருந்து 3 கோடிக்கு ஏறியது. காரணம் கிடைத்துவிட்டது என்று லேப் கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினேன், எல்லோரும் கை தட்டினார்கள். ஆறாவதில் 40 லட்சம். ஏழாவதில் 1 லட்சம். அடுத்த கூட்டத்தில் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அந்த வாரத்தை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. டைட்டர் ஏறியதற்கும் டிரிப்சினுக்கும் சம்பந்தமே இல்லை. நீர்க்காமல் பாசேஜ் போட்டுக்கொண்டே போனால் டைட்டர் விழும், ஏறும், மறுபடி விழும். நீங்கள் எந்தப் பொருளையும் மாற்றாவிட்டாலும் இந்த ஊசல் ஆடும். ஊசல் மேலே வருகிற நேரத்தில் எதை மாற்றியிருக்கிறீர்களோ அதற்குப் புகழ் போய்ச் சேரும். ஆகவே ஒரு பொருளை மாற்றிப் பார்க்கும்போது, அதே நாளில், அதே ஸ்டாக்கிலிருந்து, பழைய பொருளிலும் ஒரு ஃபிளாஸ்க் போடுங்கள். அந்த ஒரு ஃபிளாஸ்க்கை நான் போட்டிருந்தால் மூன்று மாதம் மிஞ்சியிருக்கும்.

உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இன்ஃபுளுயன்சாவின் மரபுப்பொருள் எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ. அவற்றில் நீளமான மூன்று, பி.பி.2, பி.பி.1, பி.ஏ. இவைதான் வைரஸின் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸைத் தயாரிக்கின்றன. முதல் இரண்டும் 2,341 எழுத்து நீளம், மூன்றாவது 2,233. நகலெடுக்கும்போது பாலிமரேஸ் சில நேரம் நடுவில் பெரும்பகுதியைத் தாண்டிக் குதித்துவிடும். கிடைப்பது இரண்டு முனைகள் மட்டும் ஒட்டிய, பெரும்பாலும் 400, 500 எழுத்து நீளமுள்ள குட்டித் துண்டு. நகலெடுப்பு தொடங்கும் இடமும் துகளுக்குள் ஏறுவதற்கான முகவரியும் அந்த முனைகளில்தான் இருக்கின்றன. ஆக அந்தக் குட்டிக்குப் புரதம் செய்யத் தெரியாது. நகலாகவும் துகளில் ஏறவும் தெரியும். குட்டையாக இருப்பதால் முழுத் துண்டைவிட வேகமாகப் பெருகும். ஒரு துகளில் ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் பெரும்பாலும் ஓர் இடம்தான். பி.பி.2-வின் இடத்தில் குட்டி உட்கார்ந்துவிட்டால் முழுத் துண்டுக்கு இடமில்லை. அப்படிப் பிறந்த துகள் வெளியே பார்க்க அசல் வைரஸ்தான். செல்லில் ஒட்டும், உள்ளே நுழையும், ஆனால் பி.பி.2 இல்லாததால் தனியாகப் பெருகாது. அதே செல்லில் ஒரு முழு வைரஸும் நுழைந்திருந்தால் அதன் பாலிமரேஸை எடுத்துக்கொண்டு பெருகும். அந்த முழு வைரஸ்தான் இங்கே உதவி வைரஸ். உதவி வாங்கிக்கொண்டே உதவியவனின் விளைச்சலைக் குறைப்பதால், குறையும் இடையூறும் சேர்ந்த இந்தத் துகளுக்கு டி.ஐ. (டிஃபெக்டிவ் இன்டர்ஃபியரிங்) என்று பெயர். ஆலிஸ் ஹுவாங்கும் டேவிட் பால்டிமோரும் 1970-ல் இந்தக் கருத்துக்கு ஒரு சட்டகம் கொடுத்தார்கள்.

இப்போது ஊசல் ஏன் ஆடுகிறது என்பது புரியும். ஒவ்வொரு செல்லிலும் இருபது துகள் நுழையும்போது, ஒவ்வொரு குட்டிக்கும் பக்கத்திலேயே ஓர் உதவி வைரஸ் இருக்கும். குட்டிகள் பெருகுகின்றன, முழு வைரஸ் குறைகிறது. நாலைந்து பாசேஜில் முழு வைரஸ் மிகவும் குறைந்துபோனால் பெரும்பாலான குட்டிகள் துணையில்லாத செல்லில் நுழைந்து வீணாகும். குட்டிகளும் குறையும். அப்போது குட்டி நுழையாத செல்களில் முழு வைரஸ் தடையின்றிப் பெருகும். அதுதான் என் ஐந்தாவது பாசேஜ். முழு வைரஸ் பெருகியதும் குட்டிகளுக்கு மறுபடி விருந்து.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கோழி ரத்தமும் ஒரு 96 குழித் தட்டும் போதும். அடிப்பகுதி வி வடிவில் உள்ள தட்டில் 50 மைக்ரோலிட்டர் பி.பி.எஸ். விட்டு, வைரஸை இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போய், 0.5 சதவீதக் கோழிச் சிவப்பணுக் கலவை 50 மைக்ரோலிட்டர் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். வைரஸ் இருந்தால் அணுக்கள் வலைபோல் விரிந்து நிற்கும். இல்லாவிட்டால் அடியில் சிவப்புப் பொட்டாக இறங்கும். விரிந்து நிற்கிற கடைசிக் குழியின் நீர்ப்பு அளவுதான் எச்.ஏ. டைட்டர். இது துகளை எண்ணுகிறது, முழுத் துகளா குறைத் துகளா என்று பார்ப்பதில்லை. பிளேக் அஸ்ஸே முழுத் துகளை மட்டும் எண்ணுகிறது. இரண்டையும் வகுத்தால் விஷயம் வெளியே வந்துவிடும். என் முதல் ஸ்டாக்கின் எச்.ஏ. 512. 50 மைக்ரோலிட்டருக்கு 512 என்றால் மில்லிக்கு 10,240. 20 கோடியை அதனால் வகுத்தால் ஓர் எச்.ஏ. அலகுக்குச் சுமார் 19,500 பி.எஃப்.யு. நான்காவது பாசேஜில் எச்.ஏ. 64, மில்லிக்கு 1,280. 80 ஆயிரத்தை வகுத்தால் 62. எச்.ஏ. எட்டு மடங்குதான் விழுந்திருக்கிறது, தொற்றும் திறன் 2,500 மடங்கு விழுந்திருக்கிறது. எச்.ஏ. எண்கள் முதல் பாசேஜிலிருந்தே என் குறிப்பேட்டில் இருந்தன. இரண்டையும் ஒரே வரியில் எழுதி வகுத்துப் பார்க்காததுதான் என் தவறு. ஒவ்வொரு ஸ்டாக்குக்கும் இந்த விகிதத்தைக் குப்பியின் பெயரோடு எழுதிவையுங்கள். எண் ஆளுக்கு ஆள், லேபுக்கு லேப் மாறும். உங்கள் லேபில் நல்ல ஸ்டாக்கின் விகிதம் எவ்வளவு என்று தெரிந்திருந்தால்தான் சரிவு கண்ணில் படும்.

ஆனால் விகிதம் சரிந்தாலே டி.ஐ. என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு இரண்டு காரணங்களும் இதே மாதிரிச் சரிவைக் கொடுக்கும். ஒன்று, டிரிப்சின் வேலை செய்யாமல் எச்.ஏ. வெட்டுப்படாமல் இருப்பது. வெட்டுப்படாத எச்.ஏ.வும் சிவப்பணுவைப் பிடிக்கும், ஆனால் தொற்றாது. சோதிக்க, ஸ்டாக்கில் கொஞ்சம் எடுத்து மில்லிக்கு 5 மைக்ரோகிராம் டி.பி.சி.கே. டிரிப்சின் போட்டு 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பிறகு பிளேக் போடுங்கள். டைட்டர் எகிறினால் டிரிப்சின்தான் பிரச்சினை. எனக்கு அசையவில்லை. மற்றொன்று, வெயிலிலோ மேசையிலோ கிடந்ததாலோ, உறையவைத்து உருக்கி உருக்கி எடுத்ததாலோ வைரஸ் செத்துப்போவது. செத்த துகளும் சிவப்பணுவைப் பிடிக்கும். இதை டி.ஐ.யிலிருந்து பிரித்துக் காட்ட இடையூறுச் சோதனை செய்ய வேண்டும்.

இடையூறுச் சோதனைக்கு ஆறு குழித் தட்டு ஒன்று போதும். ஒரு குழியில் நல்ல ஸ்டாக்கை மட்டும் எம்.ஓ.ஐ. 1-ல் விடுங்கள். அடுத்ததில் அதே நல்ல ஸ்டாக்கோடு சந்தேகப்படும் ஸ்டாக்கை 200 மைக்ரோலிட்டர் சேர்த்து விடுங்கள். மூன்றாவதில் நல்ல ஸ்டாக்கோடு, புற ஊதா விளக்கின் கீழ் நீண்ட நேரம் வைத்து முழுவதும் செயலிழக்கச் செய்த சந்தேக ஸ்டாக். நான்காவதில் சந்தேக ஸ்டாக் மட்டும். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவி, 24 மணி நேரம் கழித்துத் திரவத்தை எடுத்து டைட்டர் பாருங்கள். எனக்கு இரண்டாவது குழியில் விளைச்சல் முதல் குழியைவிட ஐம்பது மடங்குக்கு மேல் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. செத்த துகள் மட்டும் இருந்திருந்தால் இரண்டாவதும் குறைந்திருக்காது. புற ஊதாவில் ஒரு நுணுக்கம் உண்டு. குட்டித் துண்டு சின்ன இலக்கு, அதில் அடிபடக் கதிர் அதிக நேரம் வேண்டும். கொஞ்ச நேரம் மட்டும் காட்டினால் முழு வைரஸ் செத்து, குட்டி பிழைத்து இடையூறு அப்படியே இருக்கும். உங்கள் விளக்கு எவ்வளவு நேரத்தில் இடையூறை முழுவதும் அழிக்கிறது என்று தனியாக ஒருமுறை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு சந்தேகமும் வரும்: இது குட்டியின் போட்டியா, அல்லது அது தூண்டிய, செல்லே சுரக்கும் வைரஸ் எதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானா? டி.ஐ. துண்டுகள் செல்லின் எச்சரிக்கை அமைப்பை நன்றாகவே தட்டி எழுப்பும். குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வெரோ செல்களால் முதல் வகை இன்டர்ஃபெரான் தயாரிக்க முடியாது. அவற்றிலும் இடையூறு தெரிந்தால் குட்டியின் நேரடிப் போட்டி இருக்கிறது என்று பொருள்.

ஆர்.டி.-பி.சி.ஆர்., அதாவது ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கிப் பெருக்கும் சோதனை செய்து ஜெல்லில் ஓட்டினால் கண்ணாலேயே பார்க்கலாம். எட்டுத் துண்டுகளின் முனைகளிலும் 12, 13 எழுத்துகள் ஒன்றுபோல் இருப்பதால், அந்த முனைகளுக்கான ஒரே ஜோடி பிரைமரில் எல்லாத் துண்டும் பெருகும். நல்ல ஸ்டாக்கில் மேலே நீளமான துண்டுகளின் பட்டை தெளிவாக வரும், கடைசிப் பட்டை 890-ல் நிற்கும். என் நான்காவது பாசேஜில் மேல் பட்டைகள் மங்கி, 400-க்கும் 500-க்கும் நடுவே பளிச்சென்று ஒரு பட்டை. அதைப் பார்த்த மாலையில் அழுகையும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. எச்சரிக்கை: பி.சி.ஆர். எப்போதும் குட்டைத் துண்டுக்கே சலுகை கொடுக்கும். சுழற்சியைக் கூட்டினால் நல்ல ஸ்டாக்கிலும் மெலிதாக ஏதாவது தெரியும். சுழற்சியைக் குறைத்து, நீட்டிப்பு நேரத்தை மூன்று நிமிடமாக வைத்து, நல்ல ஸ்டாக்கை எப்போதும் பக்கத்தில் ஓட்டுங்கள்.

காரணம் தெரிந்ததும் நான் செய்த அடுத்த தவறு இன்னும் ஒரு மாதத்தைத் தின்றது. எம்.ஓ.ஐ. குறைவாகப் போட்டால் சரியாகிவிடும் என்று ஏழாவது பாசேஜையே எம்.ஓ.ஐ. 0.01-ல் வளர்த்தேன். சரியாகவில்லை. எம்.ஓ.ஐ.யை நாம் பி.எஃப்.யு. வைத்துக் கணக்கிடுகிறோம், டி.ஐ. துகள் அந்தக் கணக்கிலேயே வராது. ஒரு முழு வைரஸுக்கு நூறு குட்டி இருக்கிற ஸ்டாக்கில், தாளில் 0.01 என்று எழுதுவது குட்டியைப் பொறுத்தவரை 1. சுத்தமான ஸ்டாக்கில் எம்.ஓ.ஐ. 1 என்றால் நூறு செல்லில் 63 தொற்றும், அதில் 26-க்கு இரண்டோ அதற்கு மேலோ நுழைந்திருக்கும். 0.01 என்றால் தொற்றிய செல்களில் இருநூறில் ஒன்றுக்குத்தான் இரண்டு நுழையும். இந்த இரண்டாவது கணக்கு சுத்தமான ஸ்டாக்குக்கு மட்டுமே பொருந்தும். குறைந்த எம்.ஓ.ஐ. சுத்தமான ஸ்டாக்கைச் சுத்தமாக வைத்திருக்கும். கெட்டுப்போனதைத் திருத்த அது மட்டும் போதாது.

திருத்த வேண்டுமென்றால் பிளேக்கிலிருந்து தொடங்க வேண்டும். நல்லவேளையாக முதல் ஸ்டாக்கில் ஒரே ஒரு குப்பி மைனஸ் 80-ல் மிச்சம் இருந்தது. ஆறு குழித் தட்டில் குழிக்கு 10 லட்சம் எம்.டி.சி.கே. செல் போட்டு, மறுநாள் பி.பி.எஸ்.ஸால் இரண்டு முறை கழுவி, பத்துப் பத்து மடங்காக நீர்த்த வைரஸை 400 மைக்ரோலிட்டர் விட்டேன். ஒரு மணி நேரம், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டை மெல்லச் சாய்த்துக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுப்பகுதி காய்ந்து செத்துவிடும். வைரஸை எடுத்துவிட்டு, சீரம் இல்லாத, டிரிப்சின் மில்லிக்கு 1 மைக்ரோகிராம் உள்ள 0.8 சதவீத அகரோஸை 42 டிகிரிக்கு ஆறவிட்டு 2 மில்லி ஊற்றினேன். அதைவிடச் சூடாக ஊற்றினால் செல் வெந்துபோகும், அதைவிட ஆறவிட்டால் கட்டியாகும். அகரோஸ் நன்றாக உறைந்த பிறகு தட்டைத் தலைகீழாக வைக்க வேண்டும். மூன்றாம் நாள் நியூட்ரல் ரெட் விட்டால் பிளேக் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். வளர்க்கப் போகும் தட்டை ஃபார்மலின் போட்டுக் கிரிஸ்டல் வயலட்டில் நிறமேற்றக் கூடாது, வைரஸ் செத்துவிடும். எண்ணுவதற்குத் தனித் தட்டு போடுங்கள். ஐந்தாறு பிளேக் மட்டும் இருக்கிற, மிக அதிகம் நீர்த்த குழியைத் தேர்ந்து, மற்றவற்றிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி நிற்கும் பிளேக்கின் மேல் பிப்பெட் முனையைக் குத்தி, அகரோஸோடு உறிஞ்சி அரை மில்லி திரவத்தில் விட்டு, இரவு முழுவதும் 4 டிகிரியில் வைக்க வேண்டும். அதை மறுபடி நீர்த்துப் பிளேக். மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு நாலைந்து நாள். அவசரப்பட்டு ஒரு சுற்றோடு நிறுத்த வேண்டாம். பக்கத்துப் பிளேக் கலந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாம் சுற்றுப் பிளேக்குகளில் ஆறு எடுத்துச் சின்னக் குழிகளில் வளர்த்து, விகிதமும் பி.சி.ஆர்.-உம் பார்த்து, சிறந்த ஒன்றை வைத்துக்கொண்டேன். டி-75 ஃபிளாஸ்க்கின் 1 கோடி செல்லுக்கு எம்.ஓ.ஐ. 0.001, அதாவது 10 ஆயிரம் பி.எஃப்.யு. மட்டும். இதற்கு இரண்டு நாள் ஆகும், ஒரே நாளில் முடியாது. வேகமாக முடிவதைப் பார்த்துத்தான் ஆரம்பத்தில் ஏமாந்தேன். செல்கள் முக்கால்வாசி உரிந்ததும் எடுத்துவிடுங்கள். இன்னும் வரட்டும் என்று மூன்றாம் நான்காம் நாள்வரை விட்டால், தொடக்கத்தில் குறைந்த எம்.ஓ.ஐ. போட்டிருந்தாலும் கடைசிச் சுற்றில் ஒவ்வொரு செல்லையும் பல துகள்கள் தாக்கும். குட்டி பிறக்க அதுதான் தோதான நேரம். சென்ட்ரிஃபியூஜில் செல் குப்பையை இறக்கி, அரை மில்லி குப்பிகளாகப் பிரித்து, மைனஸ் 80. உருக்கியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. புது ஸ்டாக் 15 கோடி, எச்.ஏ. 512, விகிதம் சுமார் 14,600. அதில் ஐந்து குப்பியைத் தாய் ஸ்டாக்காகப் பூட்டிவைத்து, வேலைக்கான ஸ்டாக்கை எப்போதும் தாயிலிருந்தே எடுக்கிறோம். வேலை ஸ்டாக்கிலிருந்து இன்னொரு ஸ்டாக் வளர்ப்பதில்லை. கருமுட்டையில் வளர்ப்பவர்களுக்கும் இதே விதிதான்: பத்து நாள் கருமுட்டையின் அலன்டாயிக் பைக்குள் 100 முதல் 1,000 பி.எஃப்.யு. போதும். ஸ்டாக்கை அப்படியே ஊசியில் இழுத்துப் போடாதீர்கள். ஃபான் மாக்னுஸ் பார்த்ததே அதைத்தான். எட்டுத் துண்டுகளின் டி.என்.ஏ. நகலைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்ட டி.என்.ஏ.) எட்டை வைத்து வைரஸைப் புதிதாக உருவாக்குபவர்களும் முதல் பெருக்கத்திலேயே அதிக எம்.ஓ.ஐ. போட்டால் இதே குழியில்தான் விழுவார்கள்.

மனம் அதிகம் நொந்தது சாறுகளின் விஷயத்தில். இரண்டாவது, மூன்றாவது பாசேஜ் ஸ்டாக்கை வைத்து மூன்று சாறுகளையும் சோதித்து, மூன்றும் வைரஸை அடக்குகின்றன என்று வரைபடம்வரை போட்டிருந்தேன். டி.ஐ. நிறைந்த ஸ்டாக் செல்லை மெதுவாகத்தான் கொல்லும், இன்டர்ஃபெரானையும் தூண்டும். அப்படிப்பட்ட ஸ்டாக்கில் எதைச் சேர்த்தாலும் செல் பிழைத்திருப்பதுபோல் தெரியும். குழிக்குக் குழி மாறும். சுத்தமான ஸ்டாக்கில் மறுபடி செய்தபோது இரண்டு சாறுகளுக்கு எந்தப் பலனும் இல்லை, மூன்றாவது செல்லையே நச்சாகத் தாக்கியது. அத்தனை தரவையும் தூக்கி எறிந்தேன். நல்லவேளை, எங்கும் வெளியாகவில்லை. மருந்துச் சோதனை செய்பவர்கள் ஸ்டாக்கின் விகிதத்தைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது என்பேன். இன்னொரு அடையாளமும் உண்டு: பிளேக் தட்டில் அதிகம் நீர்த்த குழியில் ஒழுங்காகப் பிளேக் இருக்க, வைரஸ் அதிகமுள்ள குழியில் செல்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் பிழைத்து நின்றால், அது பிப்பெட் பிழை அல்ல, குட்டிகள் காக்கின்றன. நான் அதை இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் தட்டைக் குப்பையில் போட்டேன்.

இது இன்ஃபுளுயன்சாவோடு நிற்பதில்லை. வி.எஸ்.வி. (கால்நடைகளைத் தாக்கும் வெசிகுலர் ஸ்டொமடைட்டிஸ் வைரஸ்) வளர்ப்பவர்கள் அசல் துகளில் மூன்றில் ஒரு பங்கு நீளமே உள்ள குட்டைத் துகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கலாம். எலிகளைத் தாக்கும் சென்டாய் வைரஸின் கான்டெல் வகையில் உள்ள டி.ஐ. துண்டு இன்டர்ஃபெரானைத் தூண்டுவதில் பேர்போனது. அதற்காகவே அதை வளர்ப்பவர்களுக்கு டி.ஐ. போனால்தான் நஷ்டம், அவர்கள் என் அறிவுரையைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். ஆனால் உதவி வைரஸ் தேவைப்படும் எல்லாமே டி.ஐ. அல்ல, இதில் பலரும் குழம்புகிறார்கள். டி.ஐ. தன் உதவி வைரஸிலிருந்தே வெட்டுப்பட்டுப் பிறப்பது. ஹெபடைட்டிஸ் டி வைரஸ் அப்படியில்லை. 1977-ல் இத்தாலியில் மாரியோ ரிசெட்டோ அடையாளம் கண்ட அதன் மரபுப்பொருள் சுமார் 1,700 எழுத்து கொண்ட வட்ட ஆர்.என்.ஏ., ஹெபடைட்டிஸ் பி-யோடு அதற்கு உறவில்லை. உறை மட்டும் பி-யிடமிருந்து கடன், அந்த உறை இல்லாமல் அது இன்னொரு செல்லுக்குப் பரவ முடியாது. அதனால்தான் பி தடுப்பூசி போட்டவருக்கு டி-யும் வராது. ஏ.ஏ.வி. (அடினோ சார்ந்த வைரஸ்) 1965-ல் அடினோவைரஸ் ஸ்டாக்குகளில் கலப்படமாகத்தான் முதலில் கண்ணில் பட்டது; அடினோவின் உதவியில் பெருகும் தனி வைரஸ். இன்று அதை மரபணுச் சிகிச்சைக்காக எச்.இ.கே.293 என்ற மனிதக் கருச் சிறுநீரகச் செல்களில் வளர்ப்பவர்கள் உயிருள்ள அடினோவைரஸைச் சேர்ப்பதில்லை. அடினோவின் இ1 மரபணுக்கள் அந்தச் செல்லிலேயே இருக்கின்றன, இ2ஏ, இ4, வி.ஏ. ஆர்.என்.ஏ. மூன்றையும் உதவி பிளாஸ்மிடில் கொடுக்கிறார்கள். விளைச்சல் குறைந்தால் அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த பிளாஸ்மிடின் தரத்தையும் மூன்று பிளாஸ்மிட்களின் விகிதத்தையும். பாசேஜ் வரலாற்றை அல்ல.

பழைய நான்காவது பாசேஜ் குப்பிகளை எறியவில்லை. சிவப்பு மூடி போட்டு, "டி.ஐ. நிறைந்தது, வளர்க்காதே" என்று எழுதித் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறோம். புது ஸ்டாக் எது வந்தாலும் பி.சி.ஆர். ஜெல்லில் முதல் குழியில் தாய் ஸ்டாக், கடைசிக் குழியில் அந்தக் குப்பி. நடுவில் வருவது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்த பிறகே யாரும் அதைத் தொடுகிறார்கள்.